கடைசி அரைக் கிலோமீட்டர்

மேற்கு மாம்பலத்திலிருந்து லிஸ்பன் வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. துபாயில் விமானம் மாறினோம், பெட்டிகள் தொலையவில்லை, மெட்ரோவில் அம்மாவுக்கு உட்கார இடமும் கிடைத்தது. சாந்தா அப்போலோனியா ஸ்டேஷனுக்கு வெளியே வந்து செல்போனைப் பார்த்தேன். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அல்ஃபாமா வீடு ஏழு நிமிஷ நடை என்று காட்டியது. அந்த நடையில் பாதி படிக்கட்டு என்று அது சொல்லவில்லை. எழுபத்தோரு வயசு அம்மா, முழங்கால் வலி, இரண்டு சக்கரப் பெட்டி. ஒரு பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து அடுத்ததைத் தூக்கினேன். அம்மா பாதியில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன், நீ போய் கதவைத் திற," என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

விவரம் எனக்கு முன்பே எழுத்தில் வந்திருந்தது. முகவரியின் முதல் வார்த்தையே 'எஷ்கடின்யாஷ்'. சின்னப் படிக்கட்டுகள் என்று அர்த்தம். நான் வீட்டு எண்ணை மட்டும் பார்த்தேன், தெருவின் பெயரைப் படிக்கவில்லை. வெளிநாட்டில் வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தெருப்பெயரை அர்த்தம் தெரிந்து படியுங்கள். லிஸ்பனில் 'ருவா' என்றால் தெரு, 'பெக்கு' என்றால் சந்து. 'கல்சாடா' என்று தொடங்கினால் பெரும்பாலும் மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம்.

அந்த ஊரில் மேடு பள்ளத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1755 நவம்பர் 1-ஆம் தேதி வந்த நிலநடுக்கமும், தொடர்ந்து வந்த கடலலையும் தீயும் லிஸ்பனின் கீழ்நகரை அழித்துவிட்டன. அதன்பின் பொம்பால் பிரபுவின் பொறுப்பில் அந்தப் பகுதியைச் சதுரம் சதுரமாக, நேர்த் தெருக்களோடு புதிதாகக் கட்டினார்கள். அதுதான் இன்றைய பைஷா. அல்ஃபாமா பெருமளவு தப்பிவிட்டதால் பழைய சந்துகளும் படிகளும் அப்படியே இருக்கின்றன. பார்க்க அழகு அல்ஃபாமா, பெட்டியோடு போய்ச் சேர பைஷா. மறுமுறை போனபோது பைஷாவில் லிஃப்ட் உள்ள கட்டடமாக எடுத்தேன். அல்ஃபாமாவுக்கு அம்மாவைக் கைவீசி நடக்கவைத்துக் கூட்டிப்போனேன், வேண்டிய இடத்தில் உட்காரவைத்து.

அந்த இரண்டாவது பயணத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திட்டமிட்டேன். முதலில் கதவு. வாசல்கதவு எந்த நிறம், சாவிப்பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, எண்ணைத் திருப்பியபின் எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்று வீட்டுக்காரரிடம் படத்தோடு கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைக் காகிதத்திலும் எழுதினேன், போன் அணைந்துபோகலாம் இல்லையா. அங்கே மாடி எண்ணுக்குப் பின் இடது, வலது என்பதைச் சுருக்கி எழுதுவார்கள். எந்தப் பக்கத்துக் கதவு என்பதற்கான குறிப்பு அது. முதல்முறை அதை மாற்றிப் படித்து வேறொருவர் வீட்டுப் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி கதவைத் திறந்து, சிரித்து, எதிர்க்கதவைக் காட்டினார்.

கதவுக்கு முன்னால் நேரம். விமானம் மதியம் இறங்கும், வீடு கிடைப்பதோ மூன்று மணிக்கு. ராத்தூக்கம் இல்லாத அம்மாவை அதுவரை தெருவில் நிறுத்தமுடியாது. பைகளை முன்கூட்டியே உள்ளே வைக்க அனுமதி கேட்டேன், கிடைத்தது. கிடைக்காவிட்டால் வேறு வீடு பார்த்திருப்பேன்.

அதற்கும் முன்னால் பெட்டி. அங்கே நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் பதித்தது. சக்கரம் அதில் தடதடக்கும், மழை பெய்தால் காலும் வழுக்கும். முதுகில் மாட்டும் பைகள் இரண்டோடு முடித்தேன். நெய் எடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாம் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாமென்று, வறுத்துப் பருப்புப்பொடியில் சேர்த்து அரைத்துவிட்டேன். ரசப்பொடி, புளி, ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பு. மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட். மெல்லிய இரட்டை முள் சார்ஜர் அப்படியே பொருந்திவிடும், மூன்று முள் பிளக்குக்குத்தான் அடாப்டர் வேண்டும்.

விசா வேலையை இங்கே நீட்டப்போவதில்லை. வீட்டு முன்பதிவுச் சீட்டில் வருகிற எல்லார் பெயரும் இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும்.

கிளம்புகிற அன்றைய வேலைகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு வரிசை உண்டு, அதை நான் மாற்றுவதேயில்லை. பாலையும் பேப்பரையும் முந்தின நாளே நிறுத்திவிட வேண்டும். ஃபிரிட்ஜைக் காலிசெய்து, கேஸ் ரெகுலேட்டரை மூடி, மோட்டார் சுவிட்சை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுப்பது கடைசி. நம் வீட்டுச் சாவி ஒரு நம்பிக்கையான கையில் இருந்தால்தான் இன்னொருவர் வீட்டுச் சாவியை நிம்மதியாக வாங்கமுடிகிறது.

லிஸ்பன் விமான நிலையத்தில் மெட்ரோவின் சிவப்புப் பாதை தொடங்குகிறது. நடுவில் அலமெடாவில் இறங்கிப் பச்சைப் பாதைக்கு மாறினால் பைஷா-ஷியாடு. தூரம் குறைவு. ஆனாலும் நாங்கள் கடைசி ஸ்டேஷனான சாவ் செபஸ்தியாவ் வரை உட்கார்ந்தே போய், அங்கே நீலப் பாதைக்கு மாறினோம். கடைசி ஸ்டேஷன் என்பதால் அவசரமாக இறங்கவேண்டியதில்லை. சில நிமிஷங்கள் கூடுதல்தான், வயசானவர்களோடு போகும்போது அது நஷ்டமில்லை.

மூன்றே காலுக்குக் கதவைத் திறந்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

"புளியை எங்கேடி வச்சே?"

வீடு பதிவுசெய்கிறவர்களே, படுக்கையறைப் படங்களைப் பார்க்கும் முன் தெருவாசலின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கூட வருபவர் எத்தனை படி ஏறுவார் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.