யந்திரத் தாளமும் என் மருமகனும்

தனக்குப் பழக்கமில்லாத சங்கீதத்தைச் சப்தம் என்று இகழ்வதும், பழகிப்போன சப்தத்தைச் சங்கீதம் என்று புகழ்வதும் மனித இயல்பு. இவ்வுண்மையை நான் நூல்களிற் படித்து அறிந்தவனல்லன். என் தமக்கையார் மகன் எனக்குக் கற்பித்தான். கற்றுக்கொண்ட விதம் என் பெருமைக்கு உகந்ததன்று. ஆயினும், நம்மவரிற் பலர் என்னைப் போலவே இருத்தல் கூடும் என்ற எண்ணத்தால் அதனை மறையாது எழுதத் துணிந்தேன்.

2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒருநாள் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார்கள். “தம்பி, உன் மருமகன் பகலிற் கிடங்கு வேலை பார்த்துவிட்டு, இராத்திரியிற் கோலாலம்பூருக்குப் போய்ப் பாட்டுப் போடுகிறானாம். நாளை அவன் தங்கைக்கு வரன் பார்க்க வருகிறவர்கள், ‘அண்ணன் என்ன செய்கிறான்?’ என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்? இங்கிலீஷ் படித்தவன் நீ, நீ சொன்னாற் கேட்பான்” என்று வருந்தினார்கள். ‘டீஜே’ என்று இக்காலத்தார் கூறும் தொழிலில் அவன் இறங்கி ஆறு மாதங்களே ஆகியிருந்தன.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். தோட்டத்திற் கிராணியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்தவனுக்குப் பிறருக்குப் புத்தி சொல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிடுகிறது. ‘நீ செய்யும் காரியம் யாது? அதனால் யாருக்கு என்ன பயன்?’ என்று அவனுக்கு எழுதிக் கேட்டேன். அவன் வாதாடவில்லை. பத்துப் பாட்டுகள் அடங்கிய ஒரு பட்டியலை அனுப்பி, “மாமா, இந்த வருஷம் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டப் பாட்டுகள் இவை. கேட்டுவிட்டுத் திட்டுங்கள். கேட்காமல் மட்டும் திட்டாதீர்கள்” என்று அடியில் எழுதியிருந்தான். மேடைதோறும் பகுத்தறிவு பேசும் எனக்கு இதற்கு மறுமொழி தோன்றவில்லை.

அன்று மாலை, செம்பனைக் குலைகளின் கணக்கை முடித்துவிட்டு, காதிற் கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்தேன். பட்டியலின் முதற்பாட்டு, அவ்வருஷம் ஜூன் மாதத்தில் வெளிவந்த பியான்சேயின் ‘பிரேக் மை சோல்’. கேட்கத் தொடங்கிய சிறிது நேரத்தில், வேலையை உதறிவிடு என்று ஒரு கரகரத்த குரல் அதட்டுகிறது. செக்ரோல் புத்தகத்தை முன்னே விரித்து வைத்திருந்த கிராணிக்கு இப்படியொரு உபதேசம்! சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கிய பின்னரே அடியில் ஓடிக்கொண்டிருந்த தாளம் செவியிற் பட்டது. ஒரு சுற்றுக்கு நான்கு அடி. நான்கிலும் முரசின் இடி. இரண்டாவதிலும் நான்காவதிலும் கைதட்டல். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 115 அடி. விரைந்து நடப்பவனின் நெஞ்சுத் துடிப்பும் இந்த அளவினதே. என் விரல் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்ததை நானே பிறகுதான் கண்டேன்.

இப்பாட்டில் வரும் ஆர்கன் போன்ற ஒலி, 1993-ல் ராபின் எஸ் என்ற பாடகியால் உலகெங்கும் பரவிய ‘ஷோ மீ லவ்’ பாட்டை நினைவூட்டுவது என்றும், இவ்வகைக்கு ‘ஹவுஸ்’ என்று பெயர் என்றும் மருமகன் குறித்திருந்தான். அப்பெயரின் வரலாற்றை ஆங்கில நூல்களிலே தேடிப் படித்தேன். அங்கேதான் என் கர்வத்துக்கு முதல் அடி விழுந்தது.

1977-ம் வருஷத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ‘வேர்ஹவுஸ்’ என்ற நடன மன்றம் திறக்கப்பட்டது. அங்கே இசைத்தட்டுகளை இணைத்து இசைத்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பு இளைஞர். ஆட வந்தோரிற் பெரும்பாலோர் கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவருமாவர். அவருள்ளும் பலர் ஆணை விரும்பும் ஆண்கள். நிறத்தால் ஊராலும், இயல்பால் உற்றாராலும் தள்ளப்பட்டவர்கள். அம்மன்றத்தின் பெயரிற் பிற்பாதியே அச்சங்கீதத்தின் பெயராயிற்று. ‘ஹவுஸ்’ என்றால் வீடு. வீட்டில் இடம் மறுக்கப்பட்டோர் கூடி ஆடிய சங்கீதத்துக்கு இப்பெயர் வாய்த்தது.

இதே நகரில், 1979-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி, பந்தாட்ட அரங்கொன்றில் வேறொரு வேடிக்கை நடந்தது. அக்காலத்து ஆட்டப் பாட்டாகிய டிஸ்கோவைப் பிடிக்காத வானொலி அறிவிப்பாளர் ஒருவர், டிஸ்கோ தட்டுகளைக் கொண்டுவரச் செய்து, இரண்டு ஆட்டங்களுக்கு இடையே மைதானத்தில் வெடிவைத்துத் தகர்த்தார். சுமார் 50,000 பேர் கூடியிருந்தனர். கூட்டம் மைதானத்திற் புகுந்து அதனைச் சீர்குலைத்ததால் இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. அன்று அவ்வரங்கில் வேலை பார்த்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞர். உடைக்கப்பட வந்தவற்றுள் டிஸ்கோ அல்லாத கறுப்பர் பாட்டுகளும் பல இருந்தன என்று அவர் பின்னாளிற் கூறியிருக்கிறார். 1984-ல், ஹவுஸ் சங்கீதத்தின் முதல் தட்டுகளுள் ஒன்றான ‘ஆன் அண்ட் ஆன்’ என்பதை ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவரும் இந்த லாரன்ஸே. தட்டுகளை வெடித்துவிடலாம், தாளத்தை என் செய்வது?

பட்டியலில் அடுத்தது எலைசா ரோஸ், இன்டர்பிளானட்டரி கிரிமினல் என்ற இருவரும் செய்த ‘போட்டா’. எலைசா ரோஸ் லண்டனில் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்து, தட்டு இணைக்கவும் பாடவும் கற்ற பெண்மணி. 2022 செப்டம்பரில் இப்பாட்டு பிரிட்டன் தேசத்து விற்பனை வரிசையின் முதலிடத்துக்கு ஏறியது. இவருக்கு முன் பெண் டீஜே ஒருவர் அவ்விடம் பெற்றது 2000-ம் வருஷத்தில். இருபத்திரண்டு வருஷ இடைவெளி! பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று மேடையிற் பேசும் நண்பர்கள் இக்கணக்கைக் குறித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, டிரேக் என்பவரின் ‘டெக்ஸ்ட்ஸ் கோ கிரீன்’. இதன் ஆக்கத்திற் பங்குகொண்டவருள் தென்னாப்பிரிக்காவின் பிளாக் காபி என்பவரும் ஒருவர். 1990 பிப்ரவரியில், நெல்சன் மண்டேலாவின் விடுதலையை ஜனங்கள் கொண்டாடிய வேளையில், கூட்டத்தினுள்ளே ஒரு வண்டி பாய்ந்தது. சிறுவராயிருந்த இவர் இடக்கையின் பயனை இழந்தார். இரண்டு கைகளுக்கும் ஓயாது வேலையுள்ள இத்தொழிலை ஒரே கையாற் பயின்று, 2022 ஏப்ரலில் ஆட்ட இசைத் தொகுப்புக்கான கிராமி பரிசையும் பெற்றார். ‘இதில் என்ன உழைப்பு இருக்கிறது?’ என்று நான் எழுதிய கேள்வியை அப்போது நினைத்து வெட்கினேன்.

பட்டியலின் இறுதியில், எண்ணிக்கையிற் சேராமல், ஒரு பழைய தட்டு இருந்தது. ‘இந்த வருஷம் நான் கண்டெடுத்தது’ என்று மருமகன் குறித்திருந்தான். பம்பாய்ச் சினிமாப் பாட்டுகளுக்கு வாத்தியம் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து வெளியிட்டது அது. ஜப்பான் தேசத்து ரோலண்ட் கம்பெனியின் தாள யந்திரத்தையும், டிபி-303 என்ற சிறு யந்திரத்தையும் அவர் கையாண்டார். இந்த டிபி-303 கிட்டார் வாத்தியத்தின் கீழ்ச்சுரங்களைப் போலச் செய்வதற்கென வந்தது. போலச் செய்யத் தெரியாமல் விலைபோகாது நின்றது. 1984-ல் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. பழைய பொருளாக மலிவில் வாங்கிய சிக்காகோ இளைஞர் மூவர், அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகியபோது எழுந்த நெளியும் ஒலியை வைத்து, 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற தட்டை வெளியிட்டனர். புதியதொரு சங்கீத வகை பிறந்தது. ஆனால் அவ்வொலியை ஒத்தது ஐந்து வருஷங்களுக்கு முன்பே பம்பாயில் ஒலித்துவிட்டது! யாரும் வாங்காத அத்தட்டு 2010-ல் மறுபதிப்பாகி உலகெங்கும் வியக்கப்பட்டது. 2015-ல் காலமாவதற்கு முன், முதுமையில் அவர் வெளிநாட்டு மேடைகளில் அதனை வாசித்தும் மகிழ்ந்தார். கேட்பாரற்ற மனிதரும் கேட்பாரற்ற கருவியும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

புத்தாண்டு விடுமுறைக்கு மருமகன் என் வீட்டுக்கு வந்தான். பழையதாக வாங்கிய ஒரு கருவியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, தன் தொழிலைக் காட்டினான். ஒரு பாட்டு முடியுமுன் மற்றொன்றைத் தொடங்கி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, முரசடிமேல் முரசடி விழுமாறு செய்து, ஒன்றன் கீழ்ச்சுரத்தைக் குறைத்து மற்றொன்றின் கீழ்ச்சுரத்தை ஏற்றுகிறான். முதற்பாட்டு எப்போது போயிற்று, அடுத்தது எப்போது வந்தது என்று தெரியவில்லை. “எண்ணுங்கள் மாமா. பெரும்பாலும் முப்பத்திரண்டு அடிக்கு ஒருமுறை பாட்டு திரும்பும். அந்தத் திருப்பத்தில் விட வேண்டும்” என்றான். கணக்கு என் தொழிலாயிற்றே என்று நானும் முயன்றேன். இரண்டு முரசுகளும் ஒன்றையொன்று முட்டி, கொட்டகையில் மிரண்ட மாடுகளைப்போல் உதைத்துக்கொண்டன. அவன் நகைக்கவில்லை. “எனக்கு மூன்று மாதம் ஆயிற்று, மாமா” என்று மட்டும் கூறினான்.

அவ்வேளையில் எனக்கு நினைவு வந்தது வேறு ஒரு தாளம். என் பாட்டனார் தோட்டத்தில் தப்பு அடிப்பவர். காய்ந்த ஓலையிற் தீமூட்டி, தோலைக் காய்ச்சி, விரலாற் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காய்ச்சுவார். நான் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில், ஒருநாள் பள்ளிப் பேருந்து எங்கள் பாதையில் ஒரு சாவு ஊர்வலத்துக்காக நின்றது. முன்னே அடித்துக்கொண்டு வந்தவர் அவர். பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார்கள். “உங்கள் தோட்டத்து ஆள்தானே, யார் அது?” என்று ஒருவன் கேட்டான். “எனக்குத் தெரியாது” என்றேன். அவர் என்னைக் கண்டுவிட்டார். கையிலிருந்த குச்சிகள் நிற்கவில்லை. வீட்டிலும் அதைப்பற்றி அவர் இறுதிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சுமந்திருக்கிறேன். சாவுக்குப் பறையடிப்பது இன்ன சாதியாரின் கடமை என்று விதித்த கொடுமையை எதிர்த்து, தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் பறையடிக்க மறுத்துப் போராடினார்கள். பிற்காலத்தில் அவர்தம் மக்களே அதே பறையை மேடையேற்றி, உரிமையின் ஒலியாக முழக்கினார்கள். இரண்டும் சுயமரியாதையே. நான் செய்தது இரண்டிலும் சேராது. சிரித்தவர்களுக்கு அஞ்சி, அடித்தவரை மறுத்தேன். சீர்திருத்தம் என்ற பெயரால் நம்மிற் சிலர் இன்றும் இதையே செய்கின்றனர்.

இதனால் இத்தொழிலில் யாவும் நன்றே என்று நான் கூறவில்லை. குடியும் போதையும் அவ்விடங்களைச் சுற்றித் திரிவதை மருமகனே ஒப்புக்கொள்கிறான். கிடங்கு வேலையை விடலாகாது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருடன் ஏறலாகாது, உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்று மூன்று நிபந்தனைகள் விதித்தேன். முதலிரண்டையும் ஏற்றான், மூன்றாவதற்குச் சிரித்தான். ஆனால் குடியுள்ள இடத்தில் நடப்பதனால் தாளமே இழிந்தது என்பது நேர்மையன்று. பிரிட்டனில் 1994-ல் இயற்றப்பட்ட சட்டமொன்று, திறந்தவெளி இராக்கூட்டங்களை அடக்கும்பொருட்டு, திரும்பத் திரும்ப வரும் அடிகளையுடைய இசை என்று இதற்கு இலக்கணமே வகுத்தது. திரும்பத் திரும்ப வராத தாளம் உலகில் எங்கே உளது? நம் பஜனையிலும் நடவிலும் தாலாட்டிலும் வருவது அதுவன்றோ?

பியான்சே தம் தொகுப்பை வெளியிட்டபோது, இவ்வகைச் சங்கீதத்தைத் தமக்கு முதலில் அறிமுகம் செய்தவர் என்று, தாம் மாமா என்றழைத்த காலஞ்சென்ற உறவினர் ஒருவரை நன்றியுடன் குறித்தார். அங்கே மாமன் கற்பித்தான். இங்கே மாமன் கற்றான்.

தமக்கையாரை அழைத்துச் சொன்னேன்: “அக்கா, வரன் கேட்டு வருகிறவர்களிடம், ‘என் மகன் டீஜே’ என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். நம் தாத்தா தப்பு அடித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்துபோகிற வரன் நமக்கு வேண்டாம்.” நெடுநேரம் பதிலில்லை. பிறகு, “தாத்தா அடித்தால் நீதானே தம்பி முதலில் ஆடுவாய்? பள்ளிக்கூடம் போகுமுன்னே... மறந்துவிட்டாயா?” என்றார்கள்.

மறந்துதான் போயிருந்தேன். மருமகன் ஊருக்குப் புறப்படும்போது, “பூட்டன் அடித்ததை யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறார்களா மாமா? கிடைத்தால் நான் இணைத்துப் பார்ப்பேன்” என்று கேட்டான். ஒருவரும் செய்யவில்லை. தோட்டத்துப் பால்மரங்கள் எத்தனை, குலைகள் எத்தனை என்பதற்கெல்லாம் ஏடு இருக்கிறது. அவர் அடித்த ஓர் அடிக்குக்கூட இல்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டில் அத்தகைய முதியவர் இன்னும் இருப்பாராயின், இன்றே அவரெதிரில் அமர்ந்து கேளுங்கள். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் புதிய பாட்டொன்றைக் கொண்டுவந்தாலும் அவ்வாறே அமர்ந்து கேளுங்கள். தீர்ப்பை அதற்குப் பிறகு எழுதலாம்.