முத்துலட்சுமிக்கு எத்தனை எழுத்து?



ஒரு சின்னக் கணக்கு. 'முத்துலட்சுமி' என்ற பெயரில் எத்தனை எழுத்து? மு, த், து, ல, ட், சு, மி. ஏழு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் விரல் விடாமலே சொல்லிவிடுவீர்கள். ஆனால் கணினியைக் கேட்டால் 13 என்கிறது. சில கணினிகள் 39 என்கின்றன!

போன மாதம்தான் எனக்கு இது தெரிந்தது. பழைய வகுப்புப் படங்களை ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர்களின் பெயரையே கோப்புக்குப் பெயராக வைத்துக்கொண்டிருந்தேன். இடமிருந்து வலமாக, இனிஷியலோடு, தமிழில். ஒரு படத்தில் 20 பேர். என் விண்டோஸ் கணினி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. தம்பி மகன் தன் லினக்ஸ் கணினிக்கு மாற்றப் போனான். "அத்தை, பேரு ரொம்ப நீளம்னு சொல்லி ஏத்த மாட்டேங்குது" என்றான்.

"இங்கே நீளமில்லாத பேரு அங்கே எப்படிடா நீளமாகும்?" என்று கேட்டேன். உட்கார்ந்து விளக்கினான். நல்ல பிள்ளை, பொறுமைசாலி.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 128 இடம்தான். நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. 'மு' என்பது அதற்கு ம, உகரக் குறி என இரண்டு. 'த்' என்பது த, புள்ளி என இரண்டு. நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது த் + உ = து. கணினிக்கு 'த'தான் முதல், அதன் தலையில் புள்ளி வைத்தால்தான் 'த்'. தொல்காப்பியர் கேட்டால் வருத்தப்படுவார். எழுத்துக்கு ஓர் இடம் என்று ஒரு முறையும் உண்டு. 'டேஸ் 16' என்று பெயர். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. ஆனாலும் நம் கைப்பேசியில் ஓடுவது யூனிகோடுதான்.

இப்படி ஏழு 13 ஆனது. லினக்ஸில் பெரும்பாலும் பெயரை எழுதிவைக்கும் முறைக்கு யூ.டி.எஃப். 8 என்று பெயர். அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 13 மூன்று 39. விண்டோஸ் 255 குறிகள் வரை விடுகிறது. லினக்ஸ் 255 பைட் வரை. எண் ஒன்றுதான், அளக்கிற படி வேறு. அங்கே ஆங்கிலத்தில் எழுதினால் 20 முத்துலட்சுமிகள் உட்காரலாம். தமிழில் ஆறு பேர் உட்கார்ந்ததும் பெஞ்சு நிறைந்துவிடும்.

யாரும் நம்மை ஒதுக்க வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் விளைவு அதுதான்.

பழைய கதை இன்னும் மோசம். எம்.எஸ். டாஸ் காலத்தில் வட்டின் பதிவேட்டில் கோப்புக்கு 32 பைட் கொண்ட ஒரு வரி. அதில் பெயருக்கு 8, புள்ளிக்குப் பின் 3. ஆங்கிலத்தில் எழுதினாலும் முத்துலட்சுமியின் 'ஷ்மி' போய்விடும். விண்டோஸ் 95 வந்தபோது நீளப் பெயர் வந்தது. எப்படி என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் கட்டம் போதாவிட்டால் அடுத்த வரியில் தொடர்ந்து எழுதுவோமே, அதேதான். வரிக்கு 13 குறியாகப் பிரித்து அடுத்தடுத்த வரிகளில் எழுதிவைத்தார்கள்.

அப்போதும் தமிழில் பெயர் வைக்க வழியில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். கோப்புக்குள்ளே 'தமிழ்' என்று தெரியும். அதையே கோப்பின் பெயராக வைத்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். 'ஈ' இன்னும் பாவம். பாமினியில் அது 'விடச் சிறியது' என்ற குறியின் இடத்தில் இருக்கிறது. அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஈஸ்வரி என்று பிறந்தவளுக்கு ஒரு கோப்பு கூடக் கிடையாது!

"ஆங்கிலத்திலயே வெச்சிடலாமே அத்தை" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. வள்ளியும் வல்லியும் அதில் ஒன்றாகிவிடுவார்கள். பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைக்கலாம் என்றான். பட்டியல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்கு அது தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணை வைத்துவிடுகிறது. அந்தப் படத்தில் இருக்கும் இரண்டு பேர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் பெயரை இனி யார் கேட்டுச் சரிபார்ப்பது?

கடைசியில் ஸ்டுடியோக்காரர் வழியே வழி என்று முடிவு செய்தோம். அந்தக் காலத்தில் குரூப் போட்டோவை அட்டையில் ஒட்டி, கீழே 'அமர்ந்திருப்போர்', 'நிற்போர்' என்று பெயர் எழுதித் தருவார்கள் இல்லையா? அதேபோல ஒவ்வொரு படத்துக்கும் அடியில் வெள்ளைப் பட்டை சேர்த்து, பெயர்களைப் படத்தின் மேலேயே பதித்துவிட்டோம். தேடினால் கிடைக்காது, அது ஒரு குறை. ஆனால் படம் எங்கே போனாலும் பெயரும் கூடப் போகும். கோப்புக்கு வெறும் ஆண்டும் வகுப்பும்தான் பெயர்.

இதுவரை 14 படங்கள் முடிந்தன. 1992 ஐந்தாம் வகுப்புப் படத்தில் நிற்போர் வரிசையில் இடமிருந்து நான்காவது பெண் யார் என்று எனக்கு நினைவு வரவில்லை. இரட்டைச் சடை, கையில் மருதாணி. அந்த வகுப்புப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். முழுப் பெயர், இனிஷியலோடு, தமிழில்.

– உங்கள் டீச்சர்