முட்டி தரையில் படட்டும்

உட்கார வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது முட்டியைத்தான். எந்த மதம், யார் குரு, என்ன படித்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம். "முட்டியில் எப்போதாவது அடிபட்டதா? வண்டியிலிருந்து விழுந்ததுண்டா?" இதைக் கேட்டுவிட்டுத்தான் திண்டை நீட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஒரு பையனின் முட்டி பலியானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மந்தைவெளி பஸ் டெப்போவுக்குப் பின்பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடி. பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஞாயிறு விடியற்காலை அங்கே ஜாஜென், அதாவது ஜென் தியானம், உட்காருகிறோம். 25 நிமிடம் அமர்வு, 5 நிமிடம் கின்ஹின் என்ற நடைத் தியானம், மறுபடி 25. ஆறேழு பேர் வருவார்கள். மார்கழியில் நாலு பேர். போர்டு கிடையாது, கட்டணம் கிடையாது. உட்காரும் திண்டுகள், ஜாஃபு என்பார்கள், எல்லாம் என் கையால் தைத்தவை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

உருண்டைத் திண்டுதானே என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். முதலில் ஃபோம் வெட்டிப் போட்டேன். உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் சரிந்தார். தேங்காய் நார் அடைத்தேன்; செங்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜப்பானில் ஒருவகைத் தானியத்தின் தோலை நிரப்புவார்கள் என்று கேட்டு, அரிசி மில்லிலிருந்து உமி வாங்கிவந்தேன். மூன்றாவது மாதம் திண்டுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி பறந்தது. கடைசியில் நம்ம ஊர் இலவம் பஞ்சுதான் சரிப்பட்டது. அதைத் திணிப்பதில் ஒரு கணக்கு உண்டு. போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் ரெண்டு பிடி. புதுசில் கல் மாதிரி இருக்கும், ஆறு மாதத்தில் உடம்புக்குப் பணியும். சென்னைப் புழுக்கத்துக்குப் பஞ்சு கட்டிதட்டிவிடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை தையலைப் பிரித்து, கையால் உதறி, மொட்டை மாடியில் வெயில் காட்ட வேண்டும். தை மாசத்து வெயில் உசிதம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் இதே பேட்டைக்காரர். சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர், கத்தோலிக்கர். ஞாயிறு காலை எங்களோடு உட்கார்ந்துவிட்டு நேரே பூசைக்குப் போய்விடுவார். அமர்வில் தோளில் தட்டுகிற கியோசாக்குத் தடியை அவர் தொட்டதே இல்லை. பின்னால் வந்து நிற்பார். இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே பெருவிரலை வைப்பார். அழுத்தமாட்டார், வைப்பார், அவ்வளவுதான். முதுகு தானாக நிமிரும். முகவாய் உள்ளே போகும். அந்த விரல் இருந்த இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அவர் உட்காரக் கற்றது பெருமாள்மலையில். கொடைக்கானல் போகிற வழியில், 1996இல் தொடங்கிய போதி ஜெண்டோ என்ற ஜென் மையம் அங்கே இருக்கிறது. தொடங்கியவர் ஏசு சபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமி. ஆமா சாமி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பர்மாவில் 1936இல் பிறந்த தமிழர். ஜப்பானில் காமகுராவில் யமதா கோவுன் ரோஷியிடம் பயின்று, 1982இல் சொல்லிக்கொடுக்க அனுமதி பெற்றவர். அந்த யமதா மொட்டையடித்த துறவி இல்லை. குடும்பஸ்தர். தோக்கியோவில் ஒரு மருத்துவ நிலையத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டே சீடர்களை உட்கார வைத்தவர். பாதிரிமார்களும் கன்னியாஸ்திரிகளும் அவரிடம் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஹ்யூகோ லசால் என்ற ஜெர்மானிய ஏசு சபைக்காரர். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருந்து, காயத்தோடு பிழைத்தவர். இந்தப் பெயர்களை நான் சொல்வது பெருமைக்காக இல்லை. காமகுராவில் ஒருவர் முதுகை ஒருவர் நிமிர்த்தி, அது பெருமாள்மலைக்கு வந்து, அங்கிருந்து ஒரு ரிட்டையர்டு குமாஸ்தாவின் பெருவிரலாக மந்தைவெளிக்கு வந்தது. கைத்தொழில் அப்படித்தானே வரும்.

இனி என் தவறுகள். ரெண்டாவது வருஷம், அமர்வில் சுவர் அலையடித்தது, நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்க்கப் பெரியவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "காலையில ஏதாவது சாப்பிட்டியா?" என்றார். அன்றைக்குக் கிருத்திகை, முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. "ரெண்டு இட்லி சாப்பிடு, போயிடும்." போய்விட்டது. இதற்கு ஜென்காரர்கள் மாக்யோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்தால் வரட்டும் என்று மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதுதான் மருந்து. ஒன்றிலிருந்து பத்து வரை. பதினேழுக்குப் போய்விட்டால் வெட்கப்படாமல் ஒன்றுக்கு வந்துவிடுங்கள். நான் இன்னமும் பதினேழுக்குப் போகிறேன்.

அந்தப் பையன் கதை. ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. சம்மணம் போட்டால் ஒரு முட்டி தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். முக்காலி மாதிரி, ரெண்டு முட்டியும் தரையிலும் பிட்டம் திண்டிலும் ஊன்ற வேண்டும் என்பது பாடம். திண்டின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் உட்காரச் சொல்லியிருந்தால் இடுப்பு சாய்ந்து முட்டி தானாக இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருக்கலாம். நான் கையால் அழுத்தினேன். கிரிக்கெட்டில் அடிபட்ட முட்டி அது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான், நொண்டிக்கொண்டே படியிறங்கினான், திரும்பி வரவே இல்லை. பெரியவர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அப்புறம், "வாயால கேட்டுட்டுக் கைய வை" என்றார். இப்போது எனக்கே முட்டித் தேய்மானம். நாற்காலியில்தான் உட்காருகிறேன். நாற்காலிக்காரர்களை ஒருகாலத்தில் இளக்காரமாகப் பார்த்தவன் நான்.

ஜென்னின் முதல் ஆசான் என்று சொல்லப்படும் போதிதர்மரை வைத்து 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, புதிதாக வருகிற பையன்களெல்லாம் ஒரே கேள்வி. "போதிதர்மர் நம்ம காஞ்சிபுரம்தானே சார்?" சீனத்தின் பழைய குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகக்காரர் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் பிற்பாடு சேர்ந்தது. அவர் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்ற கதை அதற்கும் பல நூற்றாண்டு பிந்தியது. இதைச் சொன்னால் பையன்களின் முகம் வாடும். சரி, காஞ்சிபுரம் என்றே வைத்துக்கொள், 25 நிமிடம் உட்கார் என்பேன். நம்மிடம் பௌத்தம் இருந்ததற்குப் போதிதர்மர் சாட்சி தேவையில்லை. மணிமேகலை இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்திருக்கிறது. பக்கத்து மயிலாப்பூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த மயிலை சீனி. வேங்கடசாமி 1940இலேயே 'பௌத்தமும் தமிழும்' எழுதி அந்தத் தடங்களைத் திரட்டிவிட்டார். பெரியவர் எனக்குக் கொடுத்த ஒரே புத்தகம் அதுதான். ஜென் பற்றி ஒன்றும் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யமதாவின் குரு யசுதானி, உலகப்போர்க் காலத்தில் ஜப்பானின் போர்வெறிக்கு ஆதரவாக எழுதியவர். பிரையன் விக்டோரியா என்பவர் 1997இல் எழுதிய புத்தகம் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. பின்னால் அந்தப் பரம்பரையின் தலைமையே வருத்தம் தெரிவித்தது. எனக்கு இது தெரியவந்தபோது ஒரு மாதம் உட்காரவே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த மனிதர் எப்படி? பெரியவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "எங்க சபையோட கதையும் எனக்குத் தெரியும்ப்பா. ஆனா நாளைக்கும் பூசைக்குப் போவேன்" என்றார். அது பதிலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் ஜென் உட்கார்ந்தால் நல்லவனாகிவிடலாம் என்று அன்றிலிருந்து நான் யாரிடமும் சொல்வதில்லை.

என் அம்மாவுக்கு வேறு கவலை. "புத்த மதத்துக்குப் போயிட்டியாடா?" விபூதியைத் துடைக்காமல்தான் உட்காருகிறேன் என்று காட்டினேன். அறுபத்து மூவர் அன்றைக்கு அமர்வு கிடையாது, எல்லோரும் மாடவீதியில் இருப்போம். பெரியவரும் இருந்தவரை வந்துகொண்டிருந்தார், நீர்மோர் குடிக்க. அவர் சபையிலும் இந்தக் கேள்வி உண்டு. ரோமில் 1965இல் பிற மதங்களை மதிக்கச் சொல்லி ஒரு அறிக்கை வந்தது. 1989இல் ஜென் போன்ற முறைகளில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி ஒரு கடிதமும் வந்தது. ரெண்டையும் மடித்து ஒரே பைபிளுக்குள் வைத்திருந்தார் பெரியவர். அவர் போன பிறகு அவருடைய ஜாஃபுவைப் பிரித்துப் பஞ்சை உதறி மறுபடி தைத்தேன். முன்பக்கம் குழிந்த இடம் நிமிர்ந்துவிட்டது. உதறியிருக்கக் கூடாதோ என்று சில நாள் தோன்றும்.

வருகிறவர்களுக்கு: காலை ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், வேட்டி, பைஜாமா, சுடிதார் எதுவானாலும் தளர்வாக இருக்கட்டும். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறேன், அதையும் மீறிக் கொசு வரும். நாய்க்குப் புத்த இயல்பு உண்டா என்ற கோவான் புதிரை எடுத்துக்கொண்டு யாரும் முதல் நாளே வர வேண்டாம், மூச்சை எண்ணினால் போதும். கீழ்வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்துங்கள், வீட்டுக்காரர் கோபித்துக்கொள்கிறார்.