கருடனுக்கு எத்தனை சக்கரம்?

"கருடனுக்கு எத்தனை சக்கரம்?" என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அரும்பாவூரில் ஒரு பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியின் கதையைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் ஒரு கோவிலில் கருட சேவையே நடக்காமல் போயிருக்கிறது!

அரும்பாவூர் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? பெரம்பலூர் மாவட்டத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பெரம்பலூரில் பஸ் ஏறினால் வழியெல்லாம் சோளக் காடு, பருத்திக் காடு, சின்ன வெங்காய வயல். வெங்காய வாசனையோடு போய்க்கொண்டே இருக்கும்போது, எதிரே மலை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வரும். ஊருக்குள் இறங்கியதும் பட்டறைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கொட்டாப்புளி உளியின் மேல் விழும் சத்தம் வரும் திசையில் நடந்தால் போதும்.

கடல் கடந்த ஊரில் குடியேறியிருக்கும் என் உறவினர்கள், அங்கே தாங்கள் கட்டிய சிறு கோவிலுக்கு ஒரு கருட வாகனம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் போனேன். பட்டறையில் மா, வாகை, வேம்பு என்று கட்டைகள் அடுக்கிக் கிடந்தன. ஒரு மூலையில் பாதி முடிந்த யாளி. இன்னொரு மூலையில் முகம் மட்டும் வந்துவிட்ட பிள்ளையார். ஒரே கட்டையிலிருந்து முழு உருவத்தையும் குடைந்து எடுப்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த வித்தை. 2020-ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அளவு, விலை, நாள் எல்லாம் பேசி முடித்தோம். பட்டறைப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரிங்க ஐயா. சீட்டில் என்ன எழுதி அனுப்பப் போறீங்க?"

"கருட வாகனம் ஒன்று என்று எழுதினால் போகிறது!" என்றேன்.

பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "அப்படித்தாங்க முன்னே ஒருத்தர் எழுதினார். அதையே இங்கிலீஷிலே மாத்தி, 'வெஹிகிள் ஒன்று'ன்னு போட்டுட்டாங்க. அந்த ஊர்த் துறைமுகத்திலே பெட்டியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, சக்கரம் எத்தனை, எஞ்சின் நம்பர் என்ன, எந்த வருஷத்து மாடல்னு கடுதாசி போட்டாங்க. பதிலுக்குப் பதில் எழுதி வெளியே எடுக்கறதுக்குள்ளே உற்சவம் முடிஞ்சு போச்சு. கிடங்கு வாடகை வேறே. ஆறு மாசம் ராப்பகலா செதுக்கினது, பெருமாள் ஏறாம இருட்டிலே கிடந்துதுங்க!"

இதில் சுங்க உத்தியோகஸ்தரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் கையில் இருப்பது ஒரு பெரிய அட்டவணை. 1988-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த அந்த அட்டவணையைத்தான் இன்று உலக நாடுகளில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. உப்பு முதல் ஓவியம் வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வண்டி வாகனங்கள் 87-ஆம் அத்தியாயம். மரமும் மரச் சாமான்களும் 44-ஆம் அத்தியாயம். அதிலே 4420 என்ற தலைப்பில் மரச் சிலைகளும் அலங்காரப் பொருள்களும் வருகின்றன. எந்த எண்ணோ அதற்குத் தக்கபடி வரி. எண் மாறினால் வரியும் மாறும். கேட்கும் கேள்விகளும் மாறும்.

நிஜமான வண்டிகளே இந்த அட்டவணையில் மாட்டிக்கொண்டு விழித்ததுண்டு. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கோழி இறைச்சி வியாபாரத்தில் தகராறு வந்தபோது, பதிலடியாக அமெரிக்கா 1964-இல் சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு 25 சதவிகித வரி போட்டது. 'கோழி வரி' என்றே அதற்குப் பெயர்! ஆட்கள் ஏறும் வண்டிக்கோ ஃபோர்டு வேன்கள் வந்த காலத்தில் 2.5 சதவிகிதம்தான் இருந்தது. ஃபோர்டு கம்பெனி துருக்கியில் செய்த வேன்களைப் பின் இருக்கைகளோடு கப்பலில் கொண்டு வந்து, சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக்கி விற்றது. விஷயம் கோர்ட்டுக்குப் போய், 2019-இல் அது சரக்கு வண்டிதான் என்று தீர்ப்பாயிற்று. கடைசியில் 2024-இல் அந்தக் கம்பெனி 36 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஓர் இருக்கை செய்த வேலையைப் பார்த்தீர்களா?

குடும்பத்தோடு ஊர் மாறுகிறவர்களுக்கும் இது பாடம். நம் நாட்டுச் சுங்கச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பயணியின் மூட்டை முடிச்சில் மோட்டார் வாகனம் சேராது என்று 1962-ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. கட்டிலும் பாத்திரமும் வீட்டுச் சாமானாக வரலாம். காரும் வேனும் அந்தக் கணக்கில் வர முடியாது.

வண்டி போகட்டும், பறவைக்கு வருவோம். 1926-இல் பிரான்குசி என்ற சிற்பி செய்த வெண்கலப் பறவை ஒன்று நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தது. இறகும் இல்லை, அலகும் இல்லை. வழவழவென்று உயர்ந்து நிற்கும் ஓர் உருவம். கலைப் பொருளுக்கு வரி கிடையாது. ஆனால் உத்தியோகஸ்தர்கள் அதைச் சமையலறைச் சாமான், ஆஸ்பத்திரிச் சாமான் வகையறாவில் சேர்த்து 40 சதவிகித வரி கேட்டார்கள். வழக்கு நடந்தது. அது கலைதான் என்று 1928-இல் தீர்ப்பு வந்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். மிகவும் ரசித்துக் கேட்டார். "அப்போ எங்க கருடனையும் கலைன்னே எழுதலாமுங்களா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அசலான சிற்பங்களுக்குக் கடைசி அத்தியாயமான 97-இல் இடம் இருப்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு குறிப்பும் இருக்கிறது. வியாபாரத்துக்காகச் செய்யப்படும் வழக்கமான கைத்தொழில் வேலைப்பாடுகள், கலைஞரே செய்திருந்தாலும், அந்தத் தலைப்பில் சேராவாம். பறவையைப் பறவை மாதிரி செய்யாதவர் சிற்பி. அப்பன் பாட்டன் வகுத்த அளவு தவறாமல் கருடனைக் கருடனாகவே செய்கிறவர் கைத்தொழிலாளி! தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னேன்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அளவு தப்பினா அது கருடன் இல்லீங்களே. மூக்கை என் இஷ்டத்துக்கு மாத்திட்டு, கலைன்னு பேர் வாங்கி என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு மறுபடி உளியை எடுத்துக்கொண்டார்.

நீங்களும் இப்படி எதையாவது அனுப்புவதாக இருந்தால் சில காரியங்களை மறந்துவிடாதீர்கள். சீட்டில் 'வாகனம்' என்ற சொல்லை மட்டும் போட்டு நிறுத்தாமல், புதிதாகச் செய்த மரச் சிற்பம் என்று எழுதுங்கள். என்ன மரம், எவ்வளவு எடை என்பதும் இருக்கட்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, புதிய வேலை என்பதற்குப் பட்டறை ரசீது கையில் இருப்பது நல்லது. ஈட்டி மரம் என்றால் 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. அதற்குரிய சான்றிதழ் வேண்டும். பெட்டி அடிக்கும் பலகையைக்கூடச் சும்மா விடுவதில்லை. பூச்சி போகாமல் இருக்க, மரத்தின் உட்புறம் 56 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் இருந்ததற்கு முத்திரை கேட்பார்கள்.

புறப்படும்போது என் மனத்தில் ஒரு குறை இருந்தது. பெருமாளைச் சுமக்கப் போகிறவரை 'மரச் சாமான்' என்று எழுதுவது அபசாரம் இல்லையா? பெரியவரிடமே கேட்டேன்.

அவர் கருடனின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். மூக்கு இருந்தது, மீசை இருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"கண் திறக்கிற வரைக்கும் இது மரந்தாங்க. அங்கே போய், நாள் பார்த்து, கண்ணைத் திறந்த அப்புறம்தான் வாகனம். கப்பல்லே போறப்போ மரம்னு எழுதறதிலே பொய் ஒண்ணும் இல்லீங்க."

பஸ்ஸில் உட்கார்ந்து சீட்டை எடுத்தேன். 'மரச் சிற்பம் ஒன்று, மாமரம், புதியது' என்று எழுதினேன். சக்கரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.