அப்பாவும் ஒரு ஸ்ராண்டும்

என் அப்பா நிலத்தில் குந்தியிருந்துதான் பலகை அறுப்பார். வார நாள்களில் அவருக்குத் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் ஸ்காபரோவில் தெரிந்தவர்களின் வீடுகளில் பேஸ்மெண்ட் திருத்துவார். மைட்டர் வாளைச் சீமெந்துத் தரையில் வைத்து, 12 அடிப் பலகையின் மறுமுனைக்குக் கீழே ஒரு பெயின்ற் தகரத்தை முட்டுக்கொடுப்பார்.

மைட்டர் வாள் தெரியாதவர்களுக்கு: அது வட்ட வாளை மேலிருந்து இறக்கிப் பலகையை நேராகவோ 45 பாகையில் சரிவாகவோ அறுக்கும் மின்கருவி. உங்கள் வீட்டுச் சுவரின் அடியில் ஓடும் பலகைகள் மூலையில் இடைவெளி இல்லாமல் பொருந்துவது அதனால்தான்.

போன மாசியில் உதவிக்குப் போயிருந்தேன். அப்பா அறுத்துக்கொண்டிருக்கும்போது தகரம் சரிந்தது. பலகை துள்ளி வாளில் மாட்டி ஒரு பக்கமாகப் பறந்தது. அப்பாவின் விரல்கள் தப்பின. ஆனால் எழும்பும்போது அவர் சுவரைப் பிடித்தார். அந்தக் கை நடுங்கியது. நான் பார்க்காததுபோல் நின்றேன்.

அடுத்த கிழமை, பகுதிநேர வேலையில் சேர்த்த காசோடு அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். சில்லுப் பூட்டிய பெரிய ஸ்ராண்டைக் காட்டினேன்.

"எனக்கு வயது போட்டுதெண்டு நினைக்கிறியோ, பிள்ளை?"

"இல்லையப்பா" என்றேன். அது பொய்.

அவர் அட்டையில் இருந்த நிறையைப் பார்த்தார். 30 கிலோ. "தெருவில சில்லு ஓடும். பேஸ்மெண்ட் படியால இதை ஆர் இறக்கிறது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே வீட்டுக் கராஜில் வேலை செய்பவருக்குச் சில்லு நல்லது. வீடு வீடாகப் படி இறங்குபவருக்கு மடித்துத் தூக்கக்கூடியதுதான் சரி. அப்படிப்பட்ட ஒன்று 15 கிலோ இருந்தது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்ததை அப்பா கணக்கெடுக்கவில்லை. எங்கள் வாளை அங்கிருந்த எல்லாமே தாங்கும் என்றார்.

அவர் சோதித்தது பக்கக் கைகளைத்தான். அவை நீண்டு, பலகையின் முனைகளைத் தாங்க வேண்டும். அவற்றின் உயரம் வாளின் மேசையோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பலகை தொங்கி அசையும். உயர்ந்திருந்தால் வெட்டு மூடி வாளை நெரிக்கும். பிறகு ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வாளைக் கழற்றிப் பூட்டும் பிடியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். விற்பனையாளர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மடிக்கிற ஸ்ராண்டையே வாங்கினோம். இப்போது படியிறங்கும்போது வாள் அப்பாவின் கையில், ஸ்ராண்ட் என் கையில். வேலை தொடங்க முன் நேரான பலகை ஒன்றை மேசைக்கும் இரண்டு கைகளுக்கும் மேலாக வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அப்பா நின்றுகொண்டு அறுக்கிறார்.

வயதைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவில்லை. ஆனால் போன சனி, "நீ ஒருக்கா அறுத்துப் பார்" என்று கண்ணாடியைக் கழற்றித் தந்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி நிலத்தில் இருந்து வேலை செய்தால், நீங்களாக எதையும் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். அவரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். எங்கே எத்தனை படிகள் என்று அவருக்குத்தான் தெரியும்.