வண்டிக்கு இரண்டு பேட்டரி

பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கிய பழைய டிராவலர் வேனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் கேரவன் என்று மாற்றிப் பதிந்த கதை அது. அந்த வண்டிக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை இன்று சொல்கிறேன். கேரவன் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் அதிகமில்லை. ஆனால் வீட்டில் இன்வெர்ட்டரும் வாசலில் காரும் வைத்திருப்பவருக்கும் இதில் விஷயம் உண்டு.

ஃபிரிட்ஜ் எதற்கு என்று கேட்பீர்கள். மோருக்கும் இளநீருக்கும் அல்ல. என் மனைவிக்குப் பன்னிரண்டு வருடமாக இன்சுலின். திறந்த பாட்டிலைச் சூடு படாமல் வெளியே நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. மாதக் கணக்கில் ஊர் சுற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. ஃபிரிட்ஜ் ஓடினால்தான் அது நடக்கும்.

வண்டியில் இரண்டு பேட்டரிகள். ஒன்று இன்ஜினுக்கு. அதன் உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் நிறைய. செல்ஃப் எடுக்கும் அந்த இரண்டு மூன்று விநாடி மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விளக்கையும் ஃபிரிட்ஜையும் மாட்டி நாள் முழுக்க உறிஞ்சினால் சில மாதத்திலேயே உட்கார்ந்துவிடும். மற்றொன்று வீட்டுப் பகுதிக்கு: 100 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட். இது நேர் எதிர். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுக்கும், முக்கால்வாசி காலியானாலும் முகம் சுளிக்காது.

கூரையில் 200 வாட் பேனல் ஒன்று. அது எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வழியாக வீட்டு பேட்டரிக்கு மட்டும் போகிறது. வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக 20 ஆம்பியர் வீட்டு பேட்டரிக்கு வரும். இன்ஜின் நின்றால் அந்த வழி தானாக அடைபட்டுவிடும். இரண்டையும் நேரடியாகச் சேர்க்கும் வயர் கிடையாது. ஒரு ரிலேவைப் போட்டு இணைத்தால் செலவு குறையும் என்றார்கள். ஈய பேட்டரியும் லித்தியமும் ஒரே நுகத்தில் பூட்டக்கூடிய மாடுகள் அல்ல. லித்தியம் டைனமோவை மூச்சு வாங்க வைத்துவிடும்.

ராயகிரியில் வீட்டு வாசலில் வண்டி மூன்று வாரம் சும்மா நிற்கும். சும்மா என்று நாம் நினைக்கிறோம். கடிகாரம், கம்ப்யூட்டர் பெட்டி, அலாரம் என்று 40 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். நாளைக்கு ஒரு ஏ.எச்.; மூன்று வாரத்தில் இருபதுக்கு மேல். இன்ஜின் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போயிற்று. அதனால் அதற்கெனத் தனியாக 10 வாட் குட்டிப் பேனல், சிறு கன்ட்ரோலர். அந்தக் கசிவை ஈடுகட்ட அது தாராளம். ஓய்விலிருக்கும் இன்ஜின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிம்மதி, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். லித்தியத்தில் இந்தக் கணக்குச் செல்லாது. அதன் வோல்ட் கடைசிவரை அசையாமல் நின்று திடீரென விழும். போகிற வருகிற ஆம்பியரை எண்ணிச் சதவீதம் சொல்லும் ஷண்ட் மீட்டர்தான் அதற்குச் சரி.

எங்கள் ஊரில் மேற்கே மலை. மாலை வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். ஆகவே காலையில் பேனலில் நிழல் விழாத இடமாகப் பார்த்து நிறுத்துவேன். பங்குனி வெயிலில் நாளைக்கு 60 ஏ.எச். வரை வரும். பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும், அதையும் கழித்துத்தான் இந்தக் கணக்கு. செலவு: ஃபிரிட்ஜ் 30, மின்விசிறி 15, விளக்கும் போனும் 5. மிச்சமே விழும்.

குற்றாலத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். போன ஆடியில் மைத்துனரும் சேர ஐந்து நாள் தங்கினோம். தோப்புக்குள் இடம், சாரல் விட்டபாடில்லை. தென்னை ஓலையின் நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி பாதியாகிவிடும். நாளைக்கு 20 ஏ.எச். கிடைத்தாலே பெரிது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மின்விசிறி எதற்கு என்று அதை நிறுத்தினேன். அப்படியும் தினமும் 15 குறைந்தது. மூன்றாம் நாள் மாலை மீட்டர் 55 சதவீதம்.

“அத்தான், இன்ஜின் பேட்டரி சும்மாதான கெடக்கு? அதுல இருந்து ஒரு வயர இழுத்து ஃபிரிட்ஜுக்குக் குடுத்தா என்ன?” என்றார் மைத்துனர். கேலியில்லை, அக்கா மருந்து மேலுள்ள அக்கறைதான்.

“வேண்டாம் மாப்ள. ஃபிரிட்ஜு நின்னுட்டா ஈரத்துணி சுத்தின மண்பானை இருக்கு, ஒரு ரெண்டு நாள் சமாளிச்சிரலாம். வண்டி எடுக்கலன்னா பானை ஒண்ணுஞ் செய்யாது” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அவள் என்னைத் தட்டினாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். அருவிக் குளியலும் மலைப்பாதை நடையும் முடித்துவிட்டு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மீட்டரில் சர்க்கரை 48. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தோம், கால் மணி கழித்து 71. ஆனால் பேச்சு குழறியது. காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. தோப்பில் அந்த நேரத்தில் ஆட்டோ ஏது? சாவியைத் திருப்பினேன், ஒரே செல்ஃபில் எடுத்தது. தென்காசி அரசு மருத்துவமனை ஐந்தாறு கிலோமீட்டர்தான். மழையில் அந்தச் சாலை நீண்டுகொண்டே போனது. டிரிப்ஸ் ஏற்றி, விடிந்ததும் அனுப்பினார்கள். இரவு ஊசியின் அளவையும் குறைத்து எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

திரும்பும்போது மைத்துனர் பேட்டரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள்தான் பின்னாலிருந்து, “ஏங்க, அந்த டப்பால எவ்வளவு காட்டுது?” என்றாள். அந்த ஓட்டத்தில் மூன்று நான்கு ஏ.எச். ஏறியிருந்தது. 53 என்றேன். “அப்ப இன்னும் ரெண்டு நாளு இருக்கலாம்” என்றாள்.

இருந்தோம். பழைய குற்றாலத்துக்கு மட்டும் அவளைக் கூட்டிப்போகவில்லை, படி ஏற வேண்டும் என்று. கடைசி நாள் மதியம் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது. மைத்துனர் யாரும் சொல்லாமலே ஏணியைச் சாய்த்து ஏறிப் பேனலில் ஒட்டியிருந்த இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.