திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்கள்

நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம்தான். அதிலும் பச்சை மரம் ஆகாது. கடைந்து துளைபோட்டால் பின்னால் வெடித்துவிடும். அதனால் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலிருக்கும் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள், இடிபடும் பழைய வீடுகளைத் தேடிப் போவார்கள். பல தலைமுறைகளாகக் கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றிப்போன உத்தரமும் தூணும்தான் அவர்களுக்கு வேண்டும்.

கடைசல் வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். மேலே குறுகி, கீழே போகப்போக விரியும் உட்துளை முழு நீளத்துக்கும் கோணாமல் போகவேண்டும். உள்ளே எங்காவது மயிரிழை கூடுதலாகச் சுரண்டிவிட்டால் ஒரு ஸ்வரம் தடுமாறும். எது என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வாசித்தால்தான் தெரியும். இந்தத் தொழில்மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது இதனால்தான். வேலை முடிந்துவிட்டதா என்பதை இங்கே செய்தவர் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. வாசிப்பவரும் சம்மதிக்க வேண்டும்.

பக்கத்துத் திருவாவடுதுறையில் நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை இருந்தார். அந்தக் காலத்து நாகஸ்வரத்தில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் இயல்பாகப் பேசாது. வித்வான்கள் உதட்டாலும் விரலாலும் சரிக்கட்டி வாசித்தார்கள். அதற்கே பெரிய வித்தை வேண்டும். பிள்ளைக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி திரும்பத் திரும்பக் கடைந்து பார்த்து, 1955-இல் சுத்த மத்யமம் துல்லியமாகப் பேசும் 'பாரி' என்ற வகை நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். அடுத்த வருஷமே பிள்ளை காலமாகிவிட்டார். ஆசாரியின் கையைப் புகழ்கிற அளவுக்கு, 'இது போதாது' என்று விடாமல் கேட்ட அந்தக் காதையும் நாம் புகழ வேண்டும்.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மனம் நிறைந்த செய்தி. ஆனால் கெட்டிமேளத்துக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பேச்சில் இறங்கிவிடும் கல்யாண மண்டபத்தில், குழலின் குறை யார் காதில் விழும்? குறை சொல்ல ஆளில்லாத இடத்தில் நல்ல கையும் மெல்ல மெல்லத் தளரும் என்றே நான் பயப்படுகிறேன். சான்றிதழால் அதைத் தடுக்க முடியாது.

நாகஸ்வரம் படிக்கும் பிள்ளைகளைச் சில நாளாவது அந்தப் பட்டறைகளில் உட்காரவைக்க வேண்டும். தங்கள் குழலுக்குத் துளை விழும்போது அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். வாசித்துப் பார்த்து, "நிஷாதம் கொஞ்சம் இறங்கி நிற்குதுங்களே" என்று ஆசாரியிடம் திருப்பிக் கொடுக்கட்டும்.